பாமசிக்கு மேல உள்ள கொமினிகேசன், அஞ்சுக்கு நாலு

முதல்ல படியப் பத்திச் சொல்லிர்ரன், ஏனெண்டா ஒரு மார்க் குறைச்சது அதுக்குத்தான். மட்டக்களப்பு டவுன்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்தால ஒரு பாமசிக்கு மேல இருக்கிற கொமினிகேசன் (போட்டோ கொப்பி அடிக்கிற, ஒன்லைன் போர்ம் நிரப்பித் தாற கடை), கீழ போர்ட் ஒண்டு தொங்குது ஆனா வெயில்ல மங்கி 'போட்டோ கொப்பி'ல 'கொப்பி' மட்டும்தான் மிச்சம். இரும்புப் படி, பதினேழு, எண்ணினன். நடுவுல ஒண்டு ஆடும். சீலையோட போனா ஒரு கையால கொசுவத்தப் புடிச்சி மற்றக் கையால கம்பியப் புடிச்சி ஏறோணும், பைல பல்லாலதான் கவ்வோணும். வயசானாக்களக் கூட்டிட்டுப் போகேலா.

கடைப் பேர் போடல்ல. போட்டா கியூ படியால இறங்கி றோட்டுக்கு வந்திரும், கடை நடத்துற தம்பியே "அக்கா பேர் மட்டும் போடாதீங்க, எனக்கு ஏலா" எண்டு சொல்லிட்டார். தெரிஞ்சாக்களுக்குத் தெரியும்.

நான் போன விசயம் யூடியூப் போர்ம், அதாவது யூடியூப்ல வாற காசுக்கு அமெரிக்க வரி விபரம் குடுக்கிற போர்ம். என்ட சனல் சமையல் சனல், பெரிசா ஒண்டும் இல்ல, கல்லடில வீட்டுக் குசினில போன ஒரு வாளில சாத்தி வச்சிட்டு வாவி இறால் பிரட்டல், கணவாய்க் கறி, எருமத் தயிரும் சக்கரையும் எண்டு போடுற சனல். பாக்கிறாக்கள்ல பாதிப் பேர் வெளிநாட்டில உள்ள நம்மட சனம்தான், கனடா, சுவிஸ், கட்டார், கொஞ்சம் அமெரிக்கா. மாசம் கூடக்குறைய நூத்தம்பது நூத்தறுவது டொலர் வரும். அது பெரிய உழைப்பு இல்ல எண்டு சொல்றாக்கள் எங்கட வீட்டுக் கறண்ட் பில்லையும் மகன்ட ரியூசன் காசையும் கட்டிட்டு வந்து சொல்லட்டும்.

2025 மாசி மாசம் காசு குறைஞ்சி வந்திச்சி. 160 டொலர் வரவேண்டிய இடத்தில 121 டொலரும் சில்லறையும். மிச்சம் 38 டொலர் 40 சதம் எங்க எண்டு பாத்தா 'வரி' எண்டு ஒரு வரி மட்டும் கிடக்கு. நம்மட காசுக்குப் பதினோராயிரத்துக்கு மேல. நான் இஞ்ச அடுப்படில நிண்டு வேர்த்து ஒழுக உழைக்கிறன், அமெரிக்காக்காரன் எனக்கு எதுக்கு வரி புடிக்கான், நான் கொழும்புக்கே வருசத்தில ரெண்டுதரம்தான் போற ஆள். மாமாட்டச் சொன்னன். மாமா தமிழரசுக் கட்சிக் காலத்து ஆள், சாய்மனைக் கதிரைல கிடந்துகொண்டே சிரிச்சார். "செல்வநாயகம் 1949ல கட்சியத் தொடங்கினதில இருந்து சமஷ்டி சமஷ்டி எண்டு கேட்டு நமக்குக் கிடைக்கல்ல, இப்ப அமெரிக்காட சமஷ்டி அரசாங்கம் கேக்காமலே குசினிக்குள்ள வந்து நிக்குது பாத்தியா புள்ள" எண்டார். பகிடிதான், ஆனா யோசிச்சா சரியாத்தான் இருக்கு.

முதல்ல வேற கடைக்குத்தான் போன நான். எந்தக் கடை எண்டு இதிலயும் சொல்லப்போறல்ல. ஏசி, கண்ணாடிக் கதவு, சுழல்ற கதிரை, மூவாயிரம் ரூவா. அந்தப் பொடியன் என்ட ஐடிகாட்ட வாங்கினான், தட்டினான் தட்டினான், "ஓகே அன்ரி முடிஞ்சிது" எண்டான், பத்து நிமிசம். ஒரு கேள்வி கேக்கல்ல. வந்து ரெண்டு நாளைல மெயில் வருது, போர்ம் சரியில்லையாம். அதோட போக அந்தக் கடைக் கொம்பியூட்டர் திரைல ஊராக்கள்ட ஐடிகாட் படம் எல்லாம் வரிசையா அடுக்கிக் கிடந்திச்சி, முன்னுக்கு இருந்த என்ட கண்ணுக்கே ரெண்டு மூண்டு தெரிஞ்ச முகம் தெரிஞ்சிது. எனக்கு அப்பவே மனசு சரியில்ல, ஆனா ஏசில இருந்து எழும்ப மனசு வரல்ல, உண்மையச் சொல்லோணும்தானே.

மறுகாதான் பக்கத்து வளவு மச்சாள் சொல்லி இந்தப் படிய ஏறினன்.

உள்ளுக்க ஒரே ஒரு பேன், அதுவும் கொப்பி மெசின் சூடாகாம இருக்க அந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கு, சனத்துக்குக் காத்து இல்ல. நாலு பிளாஸ்டிக் கதிரை. எனக்கு முன்னால ஆறு பேர். தம்பி காத்தான்குடி ஆள், முப்பது முப்பத்திரெண்டு வயசிருக்கும், காதில பென்சில். என்ட முறை வந்தவுடனே கொம்பியூட்டரத் தொடல்ல. மேசைக் கண்ணாடிக்குக் கீழ இருந்து ஒரு பேப்பர் போர்ம எடுத்தார், அமெரிக்க வரித் திணைக்களத்துட டபிள்யூ-8பென் போர்ம் அதுதானாம், கொப்பி அடிச்சி வச்சிருக்கார். "அக்கா, இதுல பென்சிலால எழுதிப் பாப்பம், மறுகா ஒன்லைன்ல போடுவம்" எண்டார். நான் அந்த நேரத்தில இதென்ன பள்ளிக்கூடமா எண்டுதான் நினைச்சன்.

பென்சிலக் கையில எடுத்தவுடனேயே பேர்ல பிடிச்சார். "இதுல உங்கட பேர் எது, அப்பாட பேர் எது?" ஐடிகாட்ல நமக்கு அப்பாட பேர் முன்னுக்குத்தானே வரும், பேங்க் புத்தகத்தில எழுத்து மட்டும், கலியாணத்துக்குப் புறகு சில இடத்தில அவர்ட பேர். அமெரிக்காக்காரனுக்கு முதல் பேர், கடைசிப் பேர் எண்டு ரெண்டு பெட்டிதான் தெரியும். ஏசிக் கடைப் பொடியன் அப்பாவ முதல் பேராப் போட்டு என்னைக் கடைசில தள்ளி இருக்கான், பேங்க்ல வேற மாதிரி, அட்சென்ஸ்ல (யூடியூப் காசு சேருற கூகுள் கணக்கு) வேற மாதிரி. இவர் மூண்டையும் மேசைல பக்கத்தில பக்கத்தில வச்சி, பேங்க்ல எப்பிடி இருக்கோ அப்பிடியே எழுதினார்.

மறுகா விலாசம். அந்தப் போர்ம்ல நிரந்தர விலாசத்துக்குத் தபால் பெட்டி இலக்கம் போடேலா, இன்னார் மேற்பார்த்து எண்டும் போடேலா, நேரா வீடுதான். எங்கட வீட்டுக்கு இலக்கம் இருக்கு ஆனா ஒருத்தருக்கும் தெரியா, பியோன் அண்ணன் 'கோயிலுக்குப் பின்னால நாவல் மரத்து வீடு' எண்டுதான் கொண்டு வருவார். முந்தி அட்சென்ஸ் விலாசத்த உறுதிப்படுத்த பத்து டொலர் சேந்தவுடனே ஒரு பின் நம்பர் தபால்ல அனுப்பினதும் அப்பிடித்தான் வந்து சேந்திச்சி, சின்னக் கடதாசி, மூலை கிழிச்சித் திறக்கிறது, மகன் அத லொத்தர் டிக்கெட் எண்டு நினைச்சிச் சுரண்டிப் பாத்தான். தம்பி கறண்ட் பில்லக் கேட்டார், அதில இருந்த இலக்கத்த எழுதினார். நாவல் மரம் போர்ம்ல போகல்ல.

பிறந்த திகதி. இதுலதான் நான் கவுந்தன். என்ட பிறந்தநாள் ஆகஸ்ட் 5. நாம எழுதிறது 05-08. அமெரிக்காட போர்ம்ல மாசம் முதல், நாள் ரெண்டாவது, அப்ப 05-08 எண்டா மே மாசம் 8. என்ட பழைய கடதாசி ஒண்டில நானே மே மாசத்தில பிறந்திருக்கன். தம்பி நான் சொன்ன திகதிய நம்பல்ல, ஐடிகாட் நம்பரப் பாத்தார், வருசத்துக்குப் புறகு 718 எண்டு இருக்கு, பொம்பிளையாக்களுக்கு 500 கூட்டித்தானே வச்சிருக்கான் எண்டு சொல்லி 500ஐக் கழிச்சி 218, வருசத்துட இருநூத்திப் பதினெட்டாவது நாள், பெப்ரவரிக்கு 29 நாள் வச்சி விரலால மாசங்கள எண்ணி "ஆகஸ்ட் 5, சரி" எண்டார். இவ்வளவு காலமா என்ட நம்பர்ல என்ட பிறந்தநாள் ஒளிஞ்சி இருக்கிறது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

அடுத்தது வரி இலக்கம். ஏசிக் கடைப் பொடியன் அந்தப் பெட்டில என்ட பன்னிரெண்டு இலக்க ஐடிகாட் நம்பரப் போட்டிருக்கான். அது பிழை. வேணுமெண்டது நம்மட இறைவரித் திணைக்களம் தாற டின் நம்பர், ஒன்பது இலக்கம். 2024 தை மாசத்தில இருந்து பதினெட்டு வயசு தாண்டின ஆக்கள் எல்லாரும் பதிய வேணும் எண்டு அரசாங்கம் சொன்ன நேரம் சனம் எல்லாம் "நமக்கு எதுக்கு டின்னு, மீன் டின்னே வாங்க வழியில்ல" எண்டு பகிடி அடிச்சதுதானே, நானும் அடிச்சன். அந்த இலக்கம் இல்லாட்டி அமெரிக்காவோட இருக்கிற ஒப்பந்தத்துட சலுகைய யூடியூப் போர்ம்ல கேக்கவே ஏலா. அத அண்டைக்கே அவர் பதிஞ்சி தந்தார், ஐடிகாட் ரெண்டு பக்கமும் படம் எடுத்து. முன்னூறு ரூவா. இலக்கம் வர நாள் எடுத்திச்சி, அடுத்த கிழமை திருப்பிப் பதினேழு படி.

ஒப்பந்தம் எண்டது என்ன எண்டு நான் கேட்டன், கேட்டிருக்காட்டி அவர் தன்ட பாட்டுக்கு டிக் அடிச்சிட்டுப் போயிருப்பார் எண்டு நினைக்காதீங்க, அவரேதான் விளங்கப்படுத்தத் தொடங்கினார். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையில வரி ஒப்பந்தம் ஒண்டு 1985ல கைச்சாத்தாகி, 2002ல திருத்தி, 2004லதான் நடைமுறைக்கு வந்திருக்கு. ஒரே வருமானத்துக்கு ரெண்டு நாடும் முழுசா வரி புடிக்காம இருக்கிறதுக்கு. அதில ரோயல்டி எண்ட வகைக்கு (யூடியூப் காசு அதுக்குள்ளதான் வரும்) அமெரிக்கா புடிக்கிறது கூடினது 10 வீதம். ஒப்பந்தத்தக் கேக்காட்டி 30 வீதம். கேக்காட்டித்தான், கவனிங்க, அது தானா வராது, நாமதான் போர்ம்ல ஓம் எண்டு சொல்லிக் கேக்கோணும். அதுவும் என்ட முழு உழைப்புக்கும் இல்ல, அமெரிக்காக்குள்ள இருந்து பாத்தாக்களால வந்த பங்குக்கு மட்டும். என்ட 160 டொலர்ல அமெரிக்காப் பங்கு 27 டொலர்தான். அதுக்கு 30 வீதம் எண்டா 8 டொலர் 10 சதம், 10 வீதம் எண்டா 2 டொலர் 70. இத அவர் கல்குலேட்டர்ல அடிச்சிக் காட்டின நேரம் எனக்கு வெக்கமாப் போயிட்டு, அஞ்சு டொலருக்கா இவ்வளவு கத்தினன் எண்டு.

ஆனா எனக்குப் புடிச்சது 8 இல்லையே, 38 எல்லோ. அங்கதான் விசயம். 2021ல கூகுள் உலகத்தில உள்ள எல்லா யூடியூப் ஆக்களிட்டயும் வரி விபரம் கேட்டுது, அந்த வருசம் வைகாசி 31க்கு முதல் குடுக்கச் சொல்லி, அப்ப சின்னம்மாட மகன் எனக்கு நிரப்பித் தந்தவன். அந்தப் போர்ம் சாகாவரம் வாங்கினது எண்டுதான் நான் நினைச்சிக்கிட்டிருந்த. கையெழுத்து வச்ச வருசம் போக அடுத்த மூண்டு வருசத்துட கடைசி நாளோட அது காலாவதி. 2021ல வச்சது 2024 மார்கழி 31 நடுச்சாமத்தோட செத்துட்டு. புதுசு குடுங்க எண்டு மெயில் வந்திருக்கு, நாலஞ்சு, நான் எல்லாத்தையும் விளம்பரம் எண்டு அழிச்சிருக்கன். சரியான போர்ம் கையில இல்லாட்டி, உலகம் முழுக்கப் பாத்தாக்களால வந்த மொத்த உழைப்பில 24 வீதம் வரைக்கும் புடிக்கலாம். 160ல 24 வீதம், 38 டொலர் 40. சதக் கணக்கில சரி.

இதில ஆரைத் திட்டுறது? நான் அழிச்ச மெயில நான்தான் அழிச்சன். ஆனா ஒண்டு சொல்லுவன், வாசிங்டன்ல இருக்கிற ஆரோ மனிசன் தன்ட நாட்டு வரி ஏய்ப்பப் புடிக்க எழுதின சட்டம், கம்பெனிக்கு 'நீ புடிச்சிக் கட்டாட்டி நீதான் பொறுப்பு' எண்டு சொல்லும், கம்பெனி அந்தப் பயத்தில எனக்குப் போர்ம் அனுப்பும், எனக்கு இங்கிலீசு வாசிக்கிற பயத்தில நான் கொமினிகேசனுக்குப் போவன், அங்க ஒரு பொடியன் பத்து நிமிசத்தில பிழையா டிக் அடிப்பான். அந்தச் சட்டத்த எழுதின ஆளுக்கு இந்த இரும்புப் படி இருக்கிறது தெரியுமா? அப்ப இந்தச் சட்டம் ஊருக்குள்ள நல்லதா வருதா கெட்டதா வருதா எண்டது கடைசில அந்தக் கவுண்டர்ல இருக்கிற ஆள்ட கையிலதான். அதனாலதான் ஒரு கொப்பிக் கடைக்கு இவ்வளவு நீளமா எழுதிறன்.

கடைசில கையெழுத்து. ஒன்லைன்ல பேரத் தட்டினாக் காணும். தம்பி தட்டல்ல. கீபோட்ட என்ட பக்கம் திருப்பிட்டார். "அக்கா இது சத்தியக் கடதாசி மாதிரி, பொய் சொன்னாத் தண்டனை உண்டு எண்டு தெரிஞ்சிதான் கையெழுத்து வைக்கிறன் எண்டு எழுதியிருக்கு, நான் உங்களுக்காகச் சத்தியம் பண்ணேலா" எண்டார். அதுக்கு முதல் ஒவ்வொரு வசனத்தையும் தமிழ்ல சொன்னார். நீங்க அமெரிக்கப் பிரஜை இல்லத்தானே, கிறீன் காட் இல்லத்தானே, அங்க போய் நிண்டு வீடியோ எடுத்துப் போடுறல்லத்தானே. சிரிப்பு வந்திச்சி, ஆனா கேட்டார். பாஸ்வேர்ட் அடிக்கிற நேரம் கிறுகி அந்தப் பக்கம் பாத்தார். எல்லாம் முடிஞ்சவுடனே ஸ்கேன் பண்ணின ஐடிகாட் படத்த என்ட கண்ணுக்கு முன்னால அழிச்சி, குப்பைத் தொட்டிக்குள்ளயும் போய் அழிச்சி, லொக்அவுட் பண்ணி, "பாருங்க இல்ல" எண்டு காட்டினார். எழுநூத்தம்பது ரூவா.

கியூல இருந்த நேரம் பாத்த இன்னொரு விசயத்தையும் எழுதோணும். எனக்கு முன்னால ஒரு ஐயா, எழுவது வயசு தாண்டியிருக்கும் (எப்பிடி ஏறினாரோ), மகள் கூப்பிட்டு அமெரிக்கா போய்க் கிறீன் காட் எடுத்து, குளிர் ஒத்துக்கொள்ளாம திரும்பி வந்து ஊரோட இருக்கிற ஆள். பேங்க்ல போர்ம் ஒண்டு குடுத்திருக்காங்க, நீங்க அமெரிக்க ஆளா, அங்க பிறந்தீங்களா, அங்க விலாசம் போன் நம்பர் இருக்கா, அங்க உள்ள கணக்குக்குக் காசு மாத்தச் சொல்லி வச்சிருக்கீங்களா எண்டு. அது 2010ல ஒபாமா கையெழுத்து வச்ச ஃபட்கா எண்ட சட்டத்தால வாற கேள்வி. அமெரிக்க ஆக்கள் வெளிநாட்டு பேங்க்ல ஒளிச்சி வச்சிருக்கிற காசக் கண்டுபுடிக்க உலகத்து பேங்க் எல்லாத்தையும் ரிப்போட் பண்ண வைக்கிற சட்டம், பண்ணாத பேங்குக்கு அமெரிக்காவில இருந்து வாற காசில 30 வீதம் வெட்டு. ஐயா "எல்லாத்துக்கும் இல்ல எண்டு போடு தம்பி, அங்கதான் நான் இல்லையே" எண்டார். தம்பி பென்சில வச்சிட்டார். பேங்க்ல மொத்தம் எவ்வளவு இருக்கும் எண்டு காதுக்குள்ள கேட்டார், ஐயா காதுக்குள்ள சொல்லாம சத்தமாவே நாப்பது லட்சம் எண்டார், நாங்க எல்லாரும் கொப்பி மெசினப் பாத்தம். நாப்பது லட்சம் எண்டா கிட்டத்தட்ட 13,000 டொலர். கிறீன் காட் கைல இருக்கிற ஆள் எங்க குந்தியிருந்தாலும் வரிக்கு அமெரிக்க ஆள்தானாம். வெளிநாட்டுக் கணக்கெல்லாம் கூட்டி வருசத்தில ஒருநாளாவது 10,000 டொலரத் தாண்டினா அத அமெரிக்க அரசாங்கத்துக்குத் தனியா அறிவிக்கோணும், அது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில இருந்து வாறது. வரி கட்டச் சொல்லி இல்ல, இருக்கு எண்டு சொல்லச் சொல்லித்தான், ஆனா சொல்லாட்டித் தண்டம் பெரிசு.

"ஐயா இத நான் நிரப்ப மாட்டன், மகளிட்டச் சொல்லி அங்க உள்ள கணக்காளர் ஒராளப் புடிங்க, இல்ல எண்டு மட்டும் போட்டிராதீங்க" எண்டு சொல்லிக் காசும் வாங்காம அனுப்பினார். ஐயாவுக்குச் சரியான கோவம். "கொப்பி அடிக்கிறவனுக்கு இவ்வளவு வாய்" எண்டு சொல்லிக்கொண்டுதான் இறங்கினார், தம்பி பின்னால போய் அந்த ஆடுற படில கையப் புடிச்சி இறக்கிவிட்டுட்டு வந்தார். தனக்குத் தெரியாத வேலையத் தெரியாது எண்டு சொல்ற கடை டவுன்ல எத்தின இருக்கு, சொல்லுங்க பாப்பம். நாலு மார்க்ல ரெண்டு அதுக்குத்தான்.

இன்னொண்டு, என்ட சனல்லயே. மாமி பேரப்புள்ளைகளுக்குக் கதை சொல்றத நான் அப்பப்ப எடுத்துப் போடுவன், நரியும் முதலையும், பூதம் கட்டின குளம் எண்டு. அதுகளுக்குக் கீழ ஒரு கொமன்டும் வாறல்ல. முந்தி வந்தது, கனடாவில இருந்து பொம்பிளையாக்கள் "எங்கட அம்மம்மா சொன்ன மாதிரியே இருக்கு" எண்டு எழுதுவாங்க, மாமி என்னைக்கொண்டு வாசிக்க வச்சிக் கேட்டுட்டுக் கண்ணத் துடைப்பா. திடீரெண்டு எல்லாம் போயிட்டு. மாமி தன்ட கதை சனத்துக்குப் புளிச்சிட்டு எண்டு நினைச்சி சொல்றதையே விட்டுட்டா. தம்பிட்டக் காட்டினன். மகன் ஏதோ கிளிக் பண்ணி 'சிறுவர்களுக்கானது' எண்டு போட்டிருக்கான்.

அதுவும் அமெரிக்கச் சட்டம்தானாம், 1998ல வந்தது, பதின்மூணு வயசுக்குக் குறைஞ்ச புள்ளைகள்ட விபரத்தப் பெத்தாக்கள்ட அனுமதி இல்லாம சேக்கேலா எண்டு. அதில 2019ல கூகுளும் யூடியூபும் 170 மில்லியன் டொலர் கட்டச் சம்மதிச்சி வழக்க முடிச்சதுக்குப் புறகுதான், 2020 தைல இருந்து உலகத்தில வீடியோ போடுற எல்லாரும் இது சிறுவருக்கானதா இல்லையா எண்டு சொல்லோணும். ஓம் எண்டு சொன்னா கொமன்ட் பூட்டு, மணி அடிக்கிற நோட்டிபிகேசன் பூட்டு, ஆளப் பாத்துப் போடுற விளம்பரமும் இல்ல, அப்ப காசும் குறைவு. நான் உடனே "அப்ப எல்லாத்தையும் இல்ல எண்டு மாத்துங்க" எண்டன். மாத்தல்ல. "அக்கா, மாமி இத ஆருக்குச் சொல்றா, புள்ளைக்கா பெரியாக்களுக்கா?" எண்டு கேட்டார். ஒவ்வொரு வீடியோவாப் பாக்க வச்சார். நரிக்கதை புள்ளைகளுக்குத்தான், மாமி நேரா கமெராவப் பாத்து "புள்ளைகளே" எண்டுதான் தொடங்குறா, அத விட்டிட்டம். மாமி தன்ட கலியாணக் கதையும், 78 சூறாவளிக்குக் கூரை பறந்த கதையும் சொன்னது பெரியாக்களுக்கு, அத மாத்தினம். மகன் இறால் தின்னுற வீடியோவும் மாத்தினது, வீடியோவில புள்ள இருக்கிறதால மட்டும் அது புள்ளைகளுக்கான வீடியோ ஆகாதாம்.

எனக்கு அந்தச் சட்டத்தில கோவம் வரல்ல, அதையும் சொல்லோணும். என்ட மகனும் போனோடதான் கிடக்கான், அவன் என்ன பாக்கான் எண்டு எவனோ கணக்கு எடுத்து விளம்பரம் காட்டுறத ஆரோ ஒருத்தன் நிப்பாட்டினா நான் ஏன் வேணாம் எண்ணுவன். மாமிட கொமன்ட் போனதுதான் வலி. சூறாவளி வீடியோவுக்கு இப்ப நாப்பத்திச் சொச்சம் கொமன்ட், அதில பாதி தங்கட வீட்டுக் கூரை எங்க விழுந்த எண்டு சொல்றாக்கள்.

இனிக் குறைகள். படி சொல்லிட்டன். பேன் சொல்லிட்டன். வெள்ளிக்கிழமை பன்னிரெண்டுல இருந்து ரெண்டு மணி வரை ஜும்ஆக்குப் பூட்டு, அது நியாயம், ஆனா கதவில ஒரு துண்டு ஒட்டி வைக்கலாம், நான் ஒருக்கா ஏறி இறங்கின. போன் வந்துகொண்டே இருக்கும், நடுவுல எடுத்துப் பறைவார், நாம குந்தியிருக்கோணும். கொப்பில ஓரமா ஒரு கறுப்புக் கோடு விழும், மெசின் பழசு, பேங்க்ல குடுக்கிற கொப்பி எண்டா கீழ வேற இடத்தில அடிங்க. சில்லறை இல்ல எண்டு ரொபி தருவார். ரொபி வேணாம் தம்பி, இருபது ரூவாவத் தாங்க.

வேகம் வேணுமெண்டாக்களுக்கு இந்தக் கடை சரிவராது. எனக்கு ரெண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல போச்சு. ஏசிக் கடைல பத்து நிமிசம்தான்.

போறாக்கள் கொண்டு போக வேண்டியது: ஐடிகாட், பேங்க் புத்தகத்துட முன்பக்கம், கறண்ட் பில், டின் இருந்தா அந்தக் கடதாசி, உங்கட பாஸ்வேர்ட் உங்கட தலைக்குள்ள. கடதாசில எழுதிக்கொண்டு போய் மேசைல வைக்காதீங்க, அதுக்கு ஏசுவார். வருசா வருசம் 1042-எஸ் எண்டு ஒரு கடதாசி அமெரிக்காப் பக்கம் எவ்வளவு புடிச்ச எண்டு காட்டி அக்கவுண்டுக்கு வரும், அத அழிக்காம ஒரு பைல்ல வைக்கச் சொன்னார், ஏனெண்டா 2025 சித்திரைல இருந்து வெளிநாட்டுக்குச் சேவை செஞ்சி டொலர்ல உழைக்கிறாக்களுக்கு நம்மட நாட்டிலயும் 15 வீதம் வரைக்கும் வரி வந்திட்டு. என்ட உழைப்பு வருசத்துக்கு ஆறு லட்சமும் இல்ல, வரி விடுபாடு பதினெட்டு லட்சம், அதனால எனக்கு இப்ப கவலை இல்ல. கவலைப்படுற அளவுக்கு உழைச்சா நல்லம்தான்.

போர்ம் சரி எண்டு மெயில் வந்திச்சி, இந்தமுறை அழிக்கல்ல, ரெண்டுதரம் வாசிச்சன். அந்த வருசத்துக்குள்ளேயே திருத்திக் குடுத்ததால கூடப் புடிச்சதும் திரும்பி வந்திச்சி. அடுத்த மாசத்து வெட்டு 2 டொலர் சில்லறை. டின் கடதாசிட மூலைல தம்பி அந்தக் காதுப் பென்சிலால '2028 மார்கழி 31' எண்டு எழுதித் தந்தார், அடுத்த சாவு அண்டைக்காம். பென்சில் அழிஞ்சிரும் எண்டு நான் அதுக்கு மேல பேனையால எழுதி அரிசி வாளி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கன், மாமி ஒவ்வொரு நாளும் அரிசி அள்ளுற நேரம் "ஆர்ட திவசம் புள்ள இது" எண்டு கேக்கா.